சித்தி எடுக்காத இன்சூரன்ஸ்

கப்பலில் போகப்போவது என் சித்தி. ஆனால் டிக்கெட் பதிவு செய்யப் போன அன்று விடியுமுன்னே தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பாம்பன் ஸ்டேஷனில் முதல் ஆளாய் நின்றது நான்தான். சித்தி பின்னால் மெதுவாக வந்தாள். கல்யாணப் பொண்ணுக்குப் போட வேண்டிய அலங்காரத்தைப் பொண்ணுத் தோழி போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னாள்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. கல்யாணமாகி எட்டாம் மாதம் சித்தப்பா பினாங்குக்குப் போனார். அங்கே ஓர் அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் வேலை. ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. அந்த ஒன்பது வருஷத்தில் நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, பயிற்சியும் முடித்து, எங்கள் கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சராகவும் ஆகிவிட்டேன். சித்தி எங்கள் வீட்டில், அதே மூலையில், அதே பாயில் இருந்தாள். குழந்தை இல்லை. சித்தப்பாவின் மணியார்டர் வந்த மாதங்களும் உண்டு. வராத மாதங்களும் உண்டு. கடிதம் வருஷத்துக்கு இரண்டு.

திடீரென்று அந்தத் தை மாதம் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே அரசாங்க முத்திரை போட்ட காகிதம்: மனைவி வந்து சேர அனுமதி, ஆறு மாதத்துக்குள் வந்து இறங்கவேண்டும். கூடவே யாரோ எழுதிக்கொடுத்த மூன்று வரி. 'பேப்பர் அனுப்பியிருக்கிறேன். கப்பல் தேதி தெரிந்ததும் எழுதவும். நான் வருவேன்.' அவ்வளவுதான். வா என்றுகூட இல்லை.

எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. கப்பல்! நாகப்பட்டினம், அங்கிருந்து கடல், கடல், கடல், பினாங்கு! நிலப்படத்தில் விரலால் எத்தனை தடவை போய்வந்திருப்பேன் என்று கணக்கில்லை.

டிக்கெட் ஏஜெண்ட் கீழக்கரைக்காரர், ஒரு மரைக்காயர். ராமநாதபுரம் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அவர் ஆபீஸ். சுவரெல்லாம் கப்பல் படம். ஒரு படத்தில் வெள்ளைக்காரர்கள் மேல்தளத்தில் நாற்காலி போட்டுச் சாய்ந்திருந்தார்கள். நம்முடைய டிக்கெட் டெக் டிக்கெட், தார்ப்பாய்க்குக் கீழே பாய் விரித்துப் போவது. ஆனாலும் அது அதே கடல்தானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மரைக்காயர் பேரேட்டில் பெயர் எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் காதில் செருகினார்.

"இனி ரெண்டே கேள்விதாம்மா. போற வழிக்கு உசுருக்கும் பெட்டிக்கும் இன்சூரன்ஸ் போடணுமா? அங்கன எறங்குனதும் கூட்டிட்டுப் போக நம்ம ஆளு வரணுமா?"

"ரெண்டும் வேணும்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, கப்பல் ஏறுறது நீங்களா அவுகளா?"

சித்தி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நானோ இன்சூரன்ஸ் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டேன். இங்கிலீஷில் இருந்தது. உயிருக்கு இவ்வளவு, கை போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு. எப்பேர்ப்பட்ட ஏற்பாடு! மனிதன் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறான்! வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"பெட்டிக்கும் உண்டு சித்தி. உள்ள என்னென்ன இருக்குன்னு எழுதி, ஒவ்வொண்ணுக்கும் வெல போடணும்."

"சேலை நாலு. கருப்பட்டி ஒரு ஓலைக் கொட்டான். நெத்திலிக் கருவாடு," என்றாள் சித்தி.

"கருவாட்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் வெல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று மரைக்காயர் சிரித்தார். "ஒங்க ஊரு விலையா, பினாங்கு விலையா?"

பிறகு உயிருக்கான படிவத்தை எடுத்தார். பெயர், வயது, ஊர். அடுத்த வரியைப் படித்துவிட்டு நான் நிறுத்திவிட்டேன். சித்திக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குச் சேரவேண்டும் என்று கேட்டிருந்தது.

"அவுக பேரப் போடு," என்றாள் சித்தி.

"யாரு, சித்தப்பா பேரா? ஒம்போது வருஷம் எட்டிப் பாக்காத மனுஷனுக்கா?"

நான் சொன்னது மரைக்காயருக்கும் கேட்டது. அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் வெற்றிலை துப்பிவிட்டு நிதானமாக வந்தார். சித்தி படிவத்தை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"டிக்கெட்டு போடுங்கண்ணே. மத்த ரெண்டையும் யோசிச்சுச் சொல்றோம்."

"ஒரு வாரம் இருக்கு தங்கச்சி. இன்ஷா அல்லாஹ், நல்லபடியா யோசிங்க."

அந்த ஒரு வாரமும் எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அவருக்கு இன்சூரன்ஸ் என்றாலே சிரிப்பு. எங்கள் தென்கடல் கரையில் கரைவலைக்குத் தலைவர் அவர். பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவர். நாகப்பட்டினம் வரை ரயிலில் போவதையே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"மானாமதுரையில எறங்கி ஏறி, திருச்சியில எறங்கி ஏறி, தஞ்சாவூருல எறங்கி ஏறி... எதுக்குடி? நம்ம வத்தையில பாய் விரிச்சா வடகடலோட போயி கோடியக்கரைய வளைச்சு, நேரா கப்பலுக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்திப்புட மாட்டேனா?"

"கப்பலுக்குப் பக்கத்துல நிறுத்தி? ஏணி போடச் சொல்லி கூப்புடுவீகளா? மொதல்ல கரையில டாக்டரு பாக்கணும், பெட்டியச் சோதிக்கணும், முத்திரை குத்தணும். அப்பறந்தான் அவுக படகுல கொண்டுபோய் ஏத்துவாக," என்றேன்.

"கடலுக்குப் போகக் கரையில முத்திரையா?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். ஒருவழியாக ரயிலுக்குச் சம்மதித்தார். அதுவும் துணைக்குத் தானும் வருவதாகச் சொல்லி.

ஒரு மத்தியானம் சித்தி முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, மரைக்காயரிடமிருந்து வாங்கிவந்த புத்தகத்தை நான் மறுபடி விரித்தேன்.

"கப்பல் முழுகுனா காசு தரும்கிறே," என்றாள், ஊசியை நிறுத்தாமல்.

"ஆமா."

"பெட்டி தொலஞ்சா தரும்கிறே."

"ஆமா சித்தி."

"நான் போயி எறங்கி, அவுக வரலேன்னா?"

நான் பக்கங்களைப் புரட்டினேன். ஏன் புரட்டினேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதில் அப்படி ஒன்று இருக்காது என்று தெரியும்.

"தேடு, தேடு. இங்கிலீசுல எங்கனயாச்சும் இருக்கும்," என்றாள் சித்தி. சிரித்தாள், ஆனால் ஊசி கண்ணி மாறிவிட்டது. அவிழ்த்து மறுபடி போட்டாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவளுக்குக் கடல்மேல் பயமில்லை. கடலுக்குப் பயப்பட அவள் எந்த ஊர்க்காரி? பயமெல்லாம் கப்பல் நின்ற பிறகு வரும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி. தெரியாத ஊர், தெரியாத பாஷை, கையில் ஒரு டிரங்குப் பெட்டி, எதிரே வருகிற முகங்களில் ஒன்றுகூட அவர் முகமாக இல்லாமல் போனால்?

"அப்ப மரைக்காயரோட ஆள வரச் சொல்லிருவோம்," என்றேன் உற்சாகமாக. "பேரு எழுதுன அட்டையோட நிப்பாராம். சித்தப்பா வந்தாலும் வராட்டியும் ஒரு எடத்துல கொண்டுபோய்ச் சேத்துருவாரு. அதுதான் வேணும் சித்தி!"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஆள வச்சுட்டுப் போறேன்னு வையி. அவுகளும் வந்து நிக்கிறாக. அவுககிட்ட என்ன சொல்லுவேன்? நீங்க வர மாட்டீகன்னு நெனச்சு இவர வரச் சொன்னேன்னா? ஒம்போது வருஷத்துக்கப்பறம் மொத வார்த்த அதுவா?"

"நான் வருவேன்னு ரெண்டு வார்த்த எழுதிட்டா அத நம்பிப் போவீகளாக்கும்."

"நம்பிப் போகல. நம்புறேன்னு காட்டிக்கிட்டுப் போறேன்," என்றாள்.

நான் இன்சூரன்ஸ் புத்தகத்தை மூடி மாடத்தில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் அய்யா கரையிலிருந்து வந்ததும் சித்தி அவர் முன்னால் போய் நின்றாள். அவளாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"மச்சான், ஒரு வருஷத்துக்கு எந் துண்ட அறுக்காம வச்சிருக்கணும்."

எங்கள் கரைவலை ஒரு வீட்டுச் சொத்தல்ல. பதினாலு வீட்டு வலைத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே நீள வலை. துண்டு கொடுத்த வீட்டுக்கு மீனில் பங்கு. துண்டு கிழிந்தால் அந்த வீட்டார்தான் பொத்தவேண்டும். மூன்று இழுப்புக்குக் கிழிந்தபடியே கிடந்தால், அதை அறுத்துவிட்டுக் காத்திருக்கும் வேறு வீட்டுத் துண்டைக் கட்டிவிடுவார்கள். அறுத்த துண்டு மறுபடி ஏறுவது லேசில்லை. சித்தியின் துண்டு அவள் அப்பா கொடுத்தது. ஒன்பது வருஷமும் அதுதான் அவளுக்குச் சோறு போட்டது. யார் வீட்டிலும் சும்மா சாப்பிடுகிறாள் என்ற பேச்சு வராமல் காத்தது. அங்கே சித்தப்பா வராவிட்டால் திரும்பிவர அவளுக்கு இருந்த ஒரே இடம், என் வீடல்ல, அந்தத் துண்டுதான். கழுத்துச் சங்கிலியை விற்றால் திரும்பிவரும் டிக்கெட்டுக்கு ஆகும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாளாம். எனக்குத் தெரியாமலே அவள் முழு இன்சூரன்ஸையும் தயார் செய்து வைத்திருக்கிறாள்!

அய்யா தாடையைச் சொறிந்தார். "வச்சிருக்கலாந்தா. ஆனா பொத்துறது யாரு? என் கொழுந்தியான்னு சலுகை காட்டுனா, நாளைக்கு இந்தக் கரையில எவன் எம் பேச்சக் கேப்பான்?"

அம்மாவுக்குக் கண் பார்வை போதாது.

"நான் பொத்துறேன்," என்றேன்.

அய்யா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாக்பீஸ் புடிக்கிற கையி! மூணு கண்ணி போடுறதுக்குள்ள எந்திரிச்சு ஓடுவியே."

"ஓடுனா அறுத்துருங்க."

சித்தி வலை ஊசியை எடுத்துவந்து என் புத்தகங்கள் இருந்த மாடத்தில் வைத்தாள்.

மறுநாள் மரைக்காயருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்: டிக்கெட் போதும், மற்ற இரண்டும் வேண்டாம். சித்தப்பாவுக்குக் கப்பல் தேதி எழுதினேன். பதில் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் சித்தி வேலை எதையாவது எடுத்துக்கொண்டு வாசல் பக்கமே இருப்பாள். அவர் தாண்டிப் போனதும் உள்ளே போய்விடுவாள். பதில் வராமலே கிளம்பும் நாள் வந்தது.

நாகப்பட்டினத்தில் கப்பல் தூரத்தில் நின்றது. கரையிலிருந்து படகுகளில் ஆள் ஏற்றினார்கள். படகுக்காரன் அலையை வாங்கிய விதம் அய்யாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏலே, மூக்க அலைக்குக் குடுறா!" என்று கரையிலிருந்தே கத்தினார். ஊர்க்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். படகில் மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினார்கள். சித்தி மட்டும் பலகையில் நேராக உட்கார்ந்திருந்தாள். தொலைவில் கப்பல் ஏணியில் அவள் கிடுகிடுவென்று ஏறியது இங்கிருந்தே தெரிந்தது. எனக்கு வழக்கம்போல் பொறாமையாக இருந்தது. பிறகு அய்யா பக்கம் திரும்பி, "பதில் வரலையே அய்யா," என்றேன். அவர் கப்பலைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்," என்றார்.

அதன்பின் ஐம்பது நாளுக்குமேல் எந்தச் செய்தியும் இல்லை.

அந்த ஐம்பது நாளில் வலை எட்டுத் தடவை கிழிந்தது. அதில் ஐந்து, சித்தியின் துண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் கரைக்குப் போவேன். பத்து வயதில் விட்ட வேலை. ஒரு கண்ணி பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் விழும். என் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று, "டீச்சர், இந்த ஓட்டையில சாளை போயிரும்," "டீச்சர், இதுல திமிங்கிலமே போயிரும்," என்று எனக்குப் பாடம் நடத்தினார்கள். இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து நடந்தும் விட்டேன். பத்தடி போனதும் நினைப்பு வரும்: ஒருவேளை இந்நேரம் சித்தி அந்த ஊர்க் கரையில் பெட்டிமேல் உட்கார்ந்து வருகிற ஆள்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால்? திரும்பிவந்து உட்கார்ந்துவிடுவேன். அவளைச் சும்மா விட்டுவிட்டேனே, அந்த ஆளையாவது அவளுக்குச் சொல்லாமல் நானே ஏற்பாடு செய்திருக்கலாமே என்று கை முடிச்சுப் போட, மனசு அடித்துக்கொள்ளும்.

கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. சித்தி சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எழுதியிருக்கிறாள். சித்தி பேச்சு அப்படியே வந்திருந்தது. அய்யாவும் அம்மாவும் உட்கார, நான் உரக்கப் படித்தேன்.

கப்பலில் யாருக்கோ அம்மை கண்டதால், டெக்கில் வந்தவர்களை எல்லாம் பக்கத்துத் தீவில் இறக்கி வைத்துவிட்டார்கள். ஐந்து நாள். ஆறாம் நாள் காலை ஒரு படகில் கொண்டுவந்து பினாங்குத் துறையில் விட்டார்கள். கூட வந்தவர்கள் எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போனார்கள். சித்தி போகவில்லை. தண்ணீரோரம், படகுப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

இதைப் படித்தபோது எங்களில் யாருக்கும் இது வினோதமாகப் படவில்லை. வேறெங்கே நிற்பாள்? எங்கள் கரையில் ஒரு வத்தை வந்தால், வீட்டு ஆள்கள் தண்ணீருக்குள் இறங்கி வந்து நிற்பார்கள். வருகிறவர் இருக்கிற இடத்தில் இருக்கவேண்டும். கூட்டிப்போகிறவர் அலைவரைக்கும் வரவேண்டும். அதுதானே முறை.

வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. உச்சியாகியும் வரவில்லை. 'அழுகலக்கா. ஆனா சங்கிலியத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன்' என்று இருந்தது. அம்மா அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அதே நேரம் சித்தப்பா அறுபது, எழுபது அடி தள்ளி, துறைமுகக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அந்த ஊரில் கூட்டிப்போக வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்கவேண்டுமாம். கப்பல் வந்த நாளிலிருந்து ஆறு நாளும் வேலைக்குப் போகாமல் வந்து நின்றிருக்கிறார். நான் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பதில் எழுதித்தர ஆள் தேடுவதற்குள் கப்பலே வந்துவிட்டதாம். அன்று தீவிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வர, கடைசி ஆளும் போய்விட, அவள் வரவில்லை, பயந்துகொண்டு கப்பலே ஏறவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்து திரும்பி நடந்தார். தெருக்கோடி வரை போனார். அங்கே நின்றார். பிறகு ஓடிவந்து காவல்காரரிடம் கெஞ்சியிருக்கிறார். 'ஐயா, எம் பொண்டாட்டி எங்க கரைக்காரி. அவ கேட்டுக்கு வர மாட்டா. தண்ணிகிட்டதான் இருப்பா. ஒரே ஒருவாட்டி உள்ள போய்ப் பாக்க விடுங்க.'

உள்ளே போனார். இருந்தாள்.

ஒன்பது வருஷம் கழித்துச் சந்தித்த புருஷனும் பெண்டாட்டியும் அந்த இடத்திலேயே சண்டை போட்டிருக்கிறார்கள். 'ஏன் இம்புட்டு நேரம்' என்று சித்தி கேட்க, 'எல்லாரும் வாராக, நீ ஏன் வெளிய வரல' என்று அவர் கேட்க, 'நான் எதுக்கு வரணும், நீங்கதான வருவேன்னு எழுதுனீக' என்று இவள் சொல்ல, படகுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்களாம்.

அய்யா அங்கே சிரிக்கத் தொடங்கியவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் எனக்கு ஒரு பத்தி இருந்தது. 'துண்டப் பத்தி அவுககிட்டயே சொல்லிட்டேன். ஒரு வருஷம் இருக்கட்டும்னு அவுகளும் சொன்னாக. கிழிஞ்சா அன்னைக்கே பொத்திரு. நீ போடுற கண்ணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், ஒண்ண விட்டு ஒண்ண மச்சானச் சரிபாக்கச் சொல்லு.'

எனக்கு ஒரே சந்தோஷம். ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்ற நினைப்புப் போகவில்லை. ஆளை வைத்திருந்தால் அரை நாள் வெயிலில் காய்ந்திருக்க வேண்டாமே! அடுத்த வாரமே ராமநாதபுரம் போனபோது மாடியேறி மரைக்காயரிடம் முழுக் கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"ஒங்க ஆள வரச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்லண்ணே?"

அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி செருகினார்.

"டீச்சரம்மா, நம்ம ஆளும் கேட்டுக்கு வெளியதாம்மா நிப்பான்."

"பேரு எழுதுன அட்டை?"

"வெளியதான் புடிச்சுக்கிட்டு நிப்பான். கடைசி ஆளு போனதும் அட்டைய மடிச்சுட்டுப் போயிருவான். உள்ள போய்த் தேட அவனுக்குத் தோணாது. அவன் மெட்ராஸ்காரன்."

திடீரென்று அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுக்கு முந்தி நம்ம கரைக்காரவுக எத்தன பேரு அங்கன தண்ணிகிட்ட ஒக்காந்து கெடந்தாகளோ, அல்லாவுக்குத்தான் தெரியும். நல்ல எழுத்துல எழுதுங்க, செவுத்துல ஒட்டுவோம்."

எழுதினேன். 'பினாங்கில் இறங்குவோர் கவனிக்கவும்: தண்ணீரோரம் நிற்க வேண்டாம். எல்லோருடனும் கேட்டுக்கு வெளியே வரவும்.'

அவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "கீழ இன்னொண்ணும் எழுதுங்க. கூட்டிட்டுப் போக வர்றவுக, கேட்டோட நிக்காம உள்ளயும் ஒருவாட்டி போய்ப் பாக்கணும்."

"அவுக பினாங்குலல்ல இருக்காக? இங்கன ஒட்டுனா எப்படிண்ணே படிப்பாக?"

மரைக்காயர் யோசித்தார். இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். "அப்ப ரெண்டா எழுதுங்க. ஒண்ண அடுத்த கப்பல்ல அனுப்பிருவோம்."